கிச்சன் சுவருக்கு "வார்ம் லுக்" தருகிறோம் என்று 46,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது: ஆர்டர் போடும் முன் படியுங்கள்

வேலை முடிந்து இன்றோடு ஒன்பது நாள். 46,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறட்டும் என்று விட்டால் எழுதவே மாட்டேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். போனில் நேரம் குறித்தால் "டிசைன் கன்சல்டன்ட்" வீடு தேடி வருவார். பெயிண்ட், டைல், லைட் மூன்றையும் ஒரே பேக்கேஜில் மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வார். அப்படிப்பட்ட செயலி. எங்கே ஏமாறுவோம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

சமையலறை பத்துக்கு எட்டு. புது அடுக்குமாடிகளில் பில்டர்கள் கொடுக்கிற அதே கோலம்தான்: நீலம் தட்டுகிற சாம்பல் சுவர், மேடைக்கு மேல் இரண்டடிக்குப் பளபள வெள்ளை டைல், கறுப்பு கிரானைட், சாம்பல் லேமினேட் ஷட்டர், 6500 கெல்வின் டியூப்லைட் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் பாய்ந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள்). இதில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. எல்லாம் ஒன்றுசேரும்போதுதான் அறை ஆஸ்பத்திரி லேப் மாதிரி ஆகிவிடுகிறது. தட்டில் இருக்கிற சாம்பார்கூட வெளிறித் தெரியும். கேட்டது மூன்றே மூன்று. ஜன்னல் இல்லாத இரண்டு சுவருக்குக் காவி கலந்த மஞ்சள், மேடைக்கு மேல் ஆத்தங்குடி டைல், 3000 கெல்வின் வெளிச்சம்.

பெயிண்டுக்கு 15,500, டைலுக்கு 19,000, லைட்டுக்கு 12,000. மொத்தம் 46,500 ரூபாய்.

நம்பிக்கை வந்தது எப்படி என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அங்கேதான் வரும். வந்த ஆள் ஒன்றும் தெரியாதவர் இல்லை, எல்லாம் தெரிந்தவர். முதலில் டியூப்லைட்டை அணைத்தார். பையிலிருந்து ஒரு 9 வாட் வார்ம் பல்பை எடுத்து ஹோல்டரில் மாட்டினார். அதே சாம்பல் சுவர் லேசாகப் பழுப்பு தட்டியது. "பாதி வேலை லைட்தான் சார், பெயிண்ட் அப்புறம்தான்" என்றார். உண்மை. பிறகு சுவரில் விரலைத் தேய்த்து அடுப்புப் பக்கம் பிசுக்கு இருப்பதைக் காட்டினார். "சலவை சோடா போட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டு, வெள்ளை பிரைமர் ஒரு கோட் அடிக்காம மஞ்சள் ஏத்தக் கூடாது சார். சாம்பல் மேல மஞ்சள் நேரா அடிச்சா பச்சை தட்டும்" என்றார். இதுவும் நூற்றுக்கு நூறு உண்மை. மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. கீழே இருக்கும் சாம்பல் மேலே எட்டிப் பார்க்கும், சாம்பலில் இருக்கும் கறுப்பும் மேலே அடித்த மஞ்சளும் கண்ணுக்குள் சேர்ந்து பாசி நிறமாகிவிடும்.

அடுத்து ஒரு ஆத்தங்குடி டைலைக் கையில் கொடுத்தார். அசல். எட்டுக்கு எட்டு அங்குலம், முக்கால் அங்குலத் தடிமன், நல்ல கனம். பின்பக்கம் சொரசொரப்பான சிமென்ட். காரைக்குடிப் பக்கம் கண்ணாடி மேல் அச்சு வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் கலந்த சிமென்ட் கூழைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் டைல் அது. சூளையில் சுடுவதில்லை. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் டைலின் பளபளப்பு. ஓரத்தைத் திருப்பிக் காட்டி, "பாருங்க சார், கலர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு, தேஞ்சாலும் போகாது" என்றார்.

இவ்வளவும் சரியாகச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? புக்கிங் என்று 10,000 அங்கேயே போனது. மெட்டீரியல் வாங்க என்று மறுநாள் 25,000. லைட் மாட்டிய அன்று மிச்சம் 11,500. எல்லாம் யுபிஐயில். அவர் வாயால் எதையெல்லாம் கட்டாயம் என்று சொன்னாரோ, அது ஒன்றுகூட நடக்கவில்லை. சரியான முறை தெரியாமல் செய்த தவறு இல்லை இது. சரியான முறையைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதையே மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வயிறு எரிவது அதனால்தான்.

பெயிண்டர்கள் காலை ஒன்பதரைக்கு வந்தார்கள், ஒன்றரைக்குக் கிளம்பிவிட்டார்கள். கழுவவில்லை, தேய்க்கவில்லை, பிரைமர் கிடையாது. பிரைமர் காய மட்டுமே நாலு மணி நேரம் வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இன்னொரு நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தில் மொத்த வேலையும் முடிந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்குப் பெயிண்டர் தன் போனைக் காட்டினார். அவருக்கு வந்த ஆர்டரில் "கிச்சன், 2 சுவர், 2 கோட்" என்று மட்டும் இருந்தது. "பிரைமர் எங்க ஆர்டர்ல இல்லீங்க சார், கூலியும் அதுக்குப் போடல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்மிடம் ஒரு வேலையை விற்று, அவரிடம் வேறு வேலையைக் கொடுத்தவர்கள் மேல்தான்.

பெயிண்ட் பக்கெட்டும் அப்படித்தான். வெளியே பெரிய கம்பெனியின் விலை உயர்ந்த எமல்ஷன் (துடைத்தாலும் போகாத பெயிண்ட்) பெயர். மூடி ஏற்கெனவே திறந்தது. "கலர் கலக்க கடையிலயே திறப்பாங்க சார்" என்றார்கள். அது உண்மைதான், டின்டிங் மெஷினில் வைக்க மூடியைத் திறந்தே ஆக வேண்டும். ஆனால் கலந்த பிறகு மெஷினிலிருந்து வரும் ஸ்டிக்கரை மூடியில் ஒட்டிக் கொடுப்பது வழக்கம். ஷேட் நம்பர், எந்த பேஸ், எந்தத் தேதி எல்லாம் அதில் இருக்கும். இந்தப் பக்கெட்டில் அது இல்லை. மூன்றாம் நாள் ஈரத் துணியால் துடைத்தேன், துணியில் மஞ்சள் மாவு ஒட்டியது. எமல்ஷன் அப்படி வராது. உள்ளே இருந்தது டிஸ்டெம்பர் என்கிற மலிவான சுண்ணத்தூள் பெயிண்ட், அதிலும் தண்ணீர் தாராளமாக ஊற்றியது. ஏழாம் நாள் அடுப்புக்கு நேர் மேலே பிசுக்கு இருந்த இடத்தில் கொப்புளம் கிளம்பி, நகத்தால் தொட்டால் தாள் மாதிரி உரிகிறது. மற்ற இடமெல்லாம் அவர் சொன்ன அதே பாசிப் பச்சை.

டைல் விஷயம் இன்னும் மோசம். ஒட்டும்போது வீட்டில் ஆள் இல்லை. மாலையில் பார்த்தால் பூ வேலை அழகாகத்தான் இருந்தது. ஒரு டைலில் சிவப்பு இதழின் ஓரம் கொஞ்சம் வழிந்து மஞ்சளில் கலந்திருந்தது. கைவேலை என்றால் அப்படி இருக்கும், அதுதான் அதன் அழகு. பக்கத்து டைலைப் பார்த்தேன். அதே இதழ், அதே மூலை, அதே அளவு வழிசல். அதற்கடுத்ததிலும் அதுவே. ஐம்பது டைலிலும் ஒரே இடத்தில் ஒரே வழிசல். ஒரு அசல் டைலைப் படம் எடுத்து பிரின்ட் போட்ட செராமிக். மிச்சமாக விட்டுப்போன நாலு டைலைத் திருப்பினால், சிமென்ட் இல்லை, கோடு கோடாகக் கட்டம் போட்ட களிமண் முதுகு. தடிமன் 8 மில்லிமீட்டர். வெட்டிய ஓரத்தில் பார்த்தால் கலர் வெறும் தோல்தான், உள்ளே முழுக்க வெளுத்த மண். பழைய வெள்ளை டைலை உடைக்கவும் இல்லை, அதன் மேலேயே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அசல் டைலின் தடிமனுக்கு அப்படி ஒட்டினால் ஸ்விட்ச் போர்டு குழிக்குள் போய்விடும். மெல்லிசு என்பதால் தப்பித்துக்கொண்டார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கு நேர் பின்னால் ஆத்தங்குடி டைல் அவ்வளவு தோதான பொருள் இல்லை. அது சிமென்ட். புளித் தண்ணீர், எலுமிச்சை, வினிகர் பட்டால் அரித்து மங்கும், எண்ணெய் இறங்கும். சீலர் பூசினால்தான் தாங்கும், அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். "அடுப்புப் பக்கம் பிரின்ட் செராமிக் போட்டுக்கோங்க, துடைக்கச் சுலபம், விலையும் குறைவு" என்று நேராகச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சரி என்றிருப்பேன். அசலைக் கையில் கொடுத்து 19,000 வாங்கிவிட்டு இதை ஒட்டியதற்குப் பெயர் திருட்டு.

லைட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடைக்கு மேல் லாஃப்ட் அடியில் ஸ்ட்ரிப், சீலிங்கில் நாலு டவுன்லைட். ஸ்ட்ரிப் மஞ்சளாக எரிகிறது, டவுன்லைட் நாலும் நீலம் பாய்ந்த வெள்ளை. பெட்டியில் 3000 கெல்வின் என்று ஸ்டிக்கர். அதை உரித்தால் அடியில் 6500. காவி, செங்கல் நிறங்கள் எல்லாம் 6500 வெளிச்சத்தில் செத்துப்போகும். பிரைமர் போட்டு ஒழுங்காகவே அடித்திருந்தால்கூட இந்த லைட்டில் அந்தச் சுவர் எடுபட்டிருக்காது.

இனி பதில்கள். முதல் போனுக்கு "டிக்கெட் போட்டிருக்கோம் சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது போனுக்கு "கலர் ஆளுக்கு ஆள் வித்தியாசமாத் தெரியும் சார், சுவர் செட் ஆக ஒரு மாசம் ஆகும்." பெயிண்ட் ஒரு மாதத்தில் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறாது. மூன்றாவது போனுக்கு "பில்லைப் பாருங்க சார்." பார்த்தேன். பில்லில் ஆத்தங்குடி என்ற வார்த்தையே இல்லை, "டெக்கரேட்டிவ் டைல், 1 செட்" என்று இருக்கிறது. பிரைமர் இல்லை. கெல்வின் இல்லை. "பெயின்டிங் ஒர்க், கிச்சன்." அவ்வளவுதான். நாலாவது போனுக்கு "அந்த வெண்டர் இப்ப எங்க கூட இல்ல சார், அடுத்த ஆர்டருக்கு 1,500 கூப்பன் தர்றோம்." 46,500 ரூபாய்க்கு 1,500 ரூபாய், அதுவும் அவர்களிடமே செலவழிக்க! கன்சல்டன்டுக்கு அனுப்பிய டைல் போட்டோக்களுக்கு இரண்டு நீல டிக் வந்தது. மறுநாளிலிருந்து ஒற்றை டிக்தான். பிளாக் செய்துவிட்டார்.

இப்போது இதைச் சரிசெய்ய உரிகிற பெயிண்டைச் சுரண்டி, சலவை சோடா போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை அலசி, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் போட வேண்டும். எண்ணெய் ஏறிய இடத்தில் தண்ணீர் பிரைமர் நிற்காது, அங்கே ஆயில் பிரைமர்தான். டிஸ்டெம்பர் மேல் எமல்ஷனை அப்படியே அடித்தால் சேர்ந்து உரியும், அதனால் மாவு போகும்வரை தேய்த்தே ஆக வேண்டும். டைலை உடைத்தால் சுவர்ப் பூச்சும் கூட வரும். மறுபடி ஒரு செலவு, அது அந்த 46,500 போக.

கடைசியில் சொல்கிறேன் என்றவற்றை நிதானமாக எழுத இப்போது மனசு இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் லைட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள், 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90 போட்டது. கடையிலேயே எரியவைத்து வாங்குங்கள். ஒரு வாரம் அதில் இருந்து பார்த்துவிட்டுப் பெயிண்ட் முடிவு செய்யுங்கள், பலருக்கு ஒரு சுவர் போதும். பெயிண்டை நீங்களே டீலரிடம் கலக்கி வாங்குங்கள். நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 60, 70 சதுர அடி வரும், இந்த அளவு சமையலறையின் இரண்டு சுவருக்கு நாலு லிட்டர் தாராளம். எலுமிச்சை மஞ்சள் வேண்டாம், காவி, மண் நிறம் எடுங்கள். அதில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் சாம்பலை நன்றாக மூடும். ஷேட் கார்டை நம்பாமல் ஒரு அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காலையும் ராத்திரியும் சுவரில் சாய்த்துப் பாருங்கள். டைல் பெட்டியைப் பிரித்து முதுகைப் பார்க்காமல் ஒட்ட விடாதீர்கள். வாயால் சொன்ன ஒவ்வொன்றும் பில்லில் வார்த்தையாக வர வேண்டும்: பிரைமர், எத்தனை கோட், எந்த ஷேட், எந்த டைல், எத்தனை கெல்வின். வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். கடைசித் தவணையை ஈரத் துணி போட்டுச் சுவரைத் துடைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915ல் நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் 1915ல் பதிவு செய்து நாலு நாள் ஆகிறது.

மிச்சமான நாலு டைல், ஸ்டிக்கர் உரித்த லைட் பெட்டி, மஞ்சள் மாவு ஒட்டிய துணி, அந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி பேக்கேஜில், இதே இதழ் வழிந்த டைல் யார் வீட்டிலாவது இருந்தால் கமென்டில் போட்டோ போடுங்கள். ஒரே பிரின்ட் பல வீட்டில் இருப்பது தெரிந்தால் புகாருக்கு அதுவே ஆதாரம்.