ஸ்பீக்கர் காவலுக்கு ரிலேயா, மாஸ்ஃபெட்டா? சாஃப்ட் ஸ்டார்ட்டுக்கு ரெசிஸ்டரா, தெர்மிஸ்டரா?

5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட ஆம்பிளிஃபையர் போர்டை ரிச்சி தெருவில் வாங்குகிறவர்கள், கூடவே ஒரு ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டையும் (ஆம்பில் பழுது வந்தால் ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டிக்கும் காவல்) கேட்டு வாங்குவார்கள். அப்போது பேச்செல்லாம் அதிலுள்ள ரிலே (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைப் பற்றித்தான். நான் முதலில் கேட்பது வேறு: எத்தனை வோல்ட் டி.சி.யை அந்த ரிலேயால் அறுக்க முடியும்?

அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளை வோல்டேஜ் அப்படியே ஸ்பீக்கர் மேல் ஏறும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம் பக்கம் காட்டும். சப்ளை 35-0-35 என்றால் கிட்டத்தட்ட 5.8 ஆம்பியர், அதாவது 200 வாட்டுக்கு மேல் வெப்பம். பாட்டில் வரும் 200 வாட் ஒரு கணம் வந்து போய்விடும். இது நகராமல் நின்று எரிக்கும். கோன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நிற்க, காயில் சில நொடிகளில் கருகிவிடும்.

சாதாரண 12 வோல்ட் கனசதுர ரிலேயின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்: 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏ.சி., 10 ஆம்பியர் 30 வோல்ட் டி.சி. ஒரே ரிலேக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம் ஏ.சி. நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். கான்டாக்ட் (ரிலேக்குள் தொட்டுப் பிரியும் முனை) பிரியும்போது கிளம்பும் பொறி அந்த இடத்தில் தானாக அணைந்துவிடும். டி.சி.யில் பூஜ்யமே வராது. 55 வோல்ட் சப்ளையில் கான்டாக்ட் பிரிந்த பிறகும் நடுவில் ஆர்க் எரிந்துகொண்டே இருக்கும், கரண்ட் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ரிலே பிரியும் 'டிக்' சத்தம் கேட்கும், ஆனால் ஸ்பீக்கர் பிழைக்காது.

இதற்கு வயரிங்கிலேயே பாதித் தீர்வு இருக்கிறது. ஆம்பின் அவுட்புட்டை ரிலேயின் என்.ஓ. காலுக்கும் (ரிலே ஒட்டினால் மட்டும் காமனைத் தொடுவது), ஸ்பீக்கரை காமன் காலுக்கும் கொடுத்து, என்.சி. காலை (ரிலே விட்டிருக்கும்போது காமனைத் தொடுவது) கிரவுண்டில் சேர்த்துவிட வேண்டும். ரிலே விட்டதும் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் கிரவுண்டில் வந்து நிற்கும். ஆர்க் எரிந்தாலும் அந்தக் கரண்ட் ஸ்பீக்கரைத் தொடாமல் கிரவுண்டுக்குப் போகும், சப்ளை ஃபியூஸ் எரிந்து எல்லாம் நிற்கும். சப்ளை வழியில் ஃபியூஸ் இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. ரெடிமேட் போர்டுகள் பலவற்றில் என்.சி. கால் எதிலும் சேராமல் சும்மா நிற்கிறது. திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் பிரிட்ஜ் வகை ஆம்புக்கு இந்த வயரிங் கூடாது. டி.பி.ஏ. 3116 மாதிரி கிளாஸ் டி போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே கிரவுண்ட் கிடையாது. அந்த ஐ.சி.க்குள்ளேயே டி.சி. காவல் இருக்கிறது, வெளியே இன்னொன்று வேண்டியதில்லை.

ரிலே போர்டுகளிலும் இரண்டு வகை உண்டு. யூ.பி.சி. 1237 என்பது என்.இ.சி. கொண்டுவந்த பழைய ஐ.சி. எட்டுக் கால்தான். ஆன் செய்யும்போது தாமதம், டி.சி. கண்காணிப்பு, கரண்ட் போனதைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நாலாவது காலுக்கு டிரான்ஸ்பார்மர் செகண்டரியிலிருந்து டயோடு, ரெசிஸ்டர் வழியாக ஏ.சி. கொடுத்தால், சுவிட்சை அணைத்ததும் ரிலே விட்டுவிடும். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்ட ஆம்பில் அணைக்கும்போது வரும் 'டொப்' சத்தம் இதனால்தான் நிற்கிறது. டிரான்சிஸ்டர் மட்டும் போட்ட போர்டுகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. பழுது பார்ப்பது சுலபம் என்பது அவற்றின் பலம். எனக்கு 1237தான் பிடிக்கும்.

சப்ளை 35 வோல்ட் வரை இருந்தால், என்.சி. கிரவுண்டில் சேர்த்த ரிலேயே போதும். அதற்கு மேல் போனால் நான் மாஸ்ஃபெட் (அசையும் முனை இல்லாமல் சுவிட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) பக்கம் போவேன். இரண்டு என்-சேனல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கால்களை ஒன்றோடொன்று சேர்த்து, வி.ஓ.எம். 1271 மாதிரி ஒரு ஃபோட்டோவோல்டாயிக் கப்ளரால் (உள்ளே ஒளியால் வோல்டேஜ் உண்டாக்கும் ஐ.சி.) அவற்றின் கேட் கால்களை ஓட்டுவது இதன் அமைப்பு. ஆர்க்குக்கு இடமே இல்லை. ஐ.ஆர்.எஃப்.பி. 4115 ஐப் பாருங்கள்: 150 வோல்ட் தாங்கும், ஒன்றுக்கு 11 மில்லி ஓம். இரண்டும் சேர்ந்து 22 மில்லி ஓம். 8 ஆம்பியர் ஓடினாலும் ஒன்றரை வாட்டுக்குள்தான் சூடு.

பல வருடம் ஓடிய ரிலேக்கு இன்னொரு நோய் வரும். கான்டாக்ட் கறுத்துப்போய், வால்யூம் குறைவாக இருக்கும்போது ஒரு சேனல் மங்கிக் கேட்கும், கொஞ்சம் கூட்டினால் திடீரென்று தெளிந்துவிடும். பழைய ஆம்புகளில் இதைக் கேட்காதவர் குறைவு. மாஸ்ஃபெட்டுக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் அது கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்போது பாட்டு வழக்கம்போல ஓடும், காவல் மட்டும் போயிருக்கும். அதனால் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

மூன்றாவதாக டிரையாக் வைத்து அவுட்புட்டையே கிரவுண்டுக்கு ஷார்ட் செய்யும் குரோபார் முறை ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரைக் காக்கும், ஆனால் தவறாக ஒரு தடவை இயங்கிவிட்டால் நல்ல ஆம்பையே கொன்றுவிடும். வீட்டு ஆம்புக்கு நான் வைக்கமாட்டேன்.

அடுத்தது சாஃப்ட் ஸ்டார்ட், அதாவது சுவிட்சைப் போட்டதும் பாயும் கரண்டை மட்டுப்படுத்துவது. சின்ன டிரான்ஸ்பார்மருக்கு இது தேவையில்லை, 300 வி.ஏ. டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்) தாண்டினால் தேவை. 500 வி.ஏ. டொராய்டு முழு லோடில் இழுப்பது 2.2 ஆம்பியர்தான். பிரைமரி காயிலோ வெறும் சில ஓம். 3 ஓம் என்று வைத்துக்கொண்டால், கோர் நிறைந்துபோகும் முதல் அரைச் சுற்றில் 325 வோல்ட் உச்சத்துக்கு 100 ஆம்பியர் வரை பாய வழி இருக்கிறது. வீட்டு எம்.சி.பி. விழுவது இதனால்தான்.

மூன்று 150 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை பேரலலாகப் போட்டால் 50 ஓம். அதை பிரைமரிக்குத் தொடரில் வைத்தால் உச்சக் கரண்ட் 6.5 ஆம்பியருக்குள் அடங்கும். 0.2 நொடி கழித்து ரிலே அதை பைபாஸ் செய்துவிடும். மலிவு, கணக்கும் சுலபம். சிக்கல் ரிலே ஒட்டாமல் போகும் நாளில் வரும். ஆம்ப் சும்மா இருக்கும்போது 30 வாட் இழுத்தால் ரெசிஸ்டர்களில் ஒரு வாட்கூட விழாது, எதுவும் தெரியாது. வால்யூமை ஏற்றியதும் அவை சிவக்கத் தொடங்கும். ரெசிஸ்டரோடு ஒட்டி ஒரு தெர்மல் ஃபியூஸ் கட்டாயம்.

என்.டி.சி. தெர்மிஸ்டரை மட்டும் தொடரில் போடுவது இன்னும் சுலபம். ரிலே வேண்டாம், டைமர் வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது 10 ஓம், சூடானதும் ஓம் கணக்கில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் கரண்ட் போய் ஒரு நொடியில் திரும்பி வந்தால் அது இன்னும் சூடாகத்தான் இருக்கும். அந்தத் தடவை சாஃப்ட் ஸ்டார்ட்டே கிடையாது. மழைக்காலத்தில் கரண்ட் விட்டு விட்டு வரும் ஊர்களில் இது சரிப்படாது.

இரண்டையும் சேர்த்துவிடுவதுதான் என் தேர்வு: ரெசிஸ்டர் இருந்த இடத்தில் தெர்மிஸ்டர், அதை ரிலே பைபாஸ் செய்யட்டும். ஆம்ப் ஓடும்போது தெர்மிஸ்டர் ஆறிக்கொண்டிருக்கும். ரிலே ஒட்டாவிட்டாலும் அது தன் வழக்கப்படி சூடாகி வேலையைத் தொடரும், தீப்பிடிக்கும் பயம் குறைவு.

இதில் ஒரு சின்னக் கணக்கைத் தவறவிடக் கூடாது. 400 ஓம் ரிலே காயிலுக்கு 2200 மைக்ரோஃபாரட் ஃபில்டர் வைத்தால், கரண்ட் போய் 12 வோல்ட் 3 வோல்ட்டாக இறங்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் ரிலே விடாமலே இருக்கும், தெர்மிஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். 220 போட்டால் 0.12 நொடியில் விட்டுவிடும். இந்த 12 வோல்ட்டுக்குத் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வையுங்கள். கெப்பாசிட்டர் வழியாக நேரடியாக மெயினிலிருந்து எடுக்கும் போர்டுகளில் ஒவ்வொரு ஈயப் புள்ளியும் லைன்தான், கைவைத்துப் பழுது பார்க்கும் இடத்தில் அது வேண்டாம்.

எதைக் கட்டினாலும் ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஒரு சோதனை பாக்கி. ஆம்பை இன்னும் இணைக்காமல் போர்டை மட்டும் ஓடவிட்டு, ரிலே ஒட்டியதும், அவுட்புட் வர வேண்டிய இடத்தில் ஒரு 9 வோல்ட் பேட்டரியைக் காட்டுங்கள். அப்புறம் பேட்டரியைத் திருப்பியும் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் விட்டு, மறுபக்கத்துக்கு அசையாமல் நிற்கும் போர்டுகள் உண்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடுங்கள்.