டிஷ்வாஷர் மக்கர் செய்தால்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா?

கழுவி முடித்த பிறகும் எங்கள் டிஷ்வாஷரின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அப்புறம், சரி, பார்த்துவிடுவோம் என்று அடியிலிருந்த ஃபில்டரைத் திருகி எடுத்தேன். கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே கொழகொழப்பு. பழைய டூத்பிரஷும் வெந்நீரும் போதுமாக இருந்தன.

தண்ணீர் வடியாதது, பாத்திரத்தில் பருக்கை ஒட்டியிருப்பது, நாற்றம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஃபில்டர், நீர் பீச்சும் கையின் துளைகள், மடங்கிப்போன டிரெயின் குழாய்தான் காரணம். கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலமா? பெரும்பாலும் போர்த் தண்ணீரின் உப்பு அது. மெஷினுக்குள் தண்ணீரை மென்னீராக்கும் பகுதிக்கென்றே தனியாக விற்கும் டிஷ்வாஷர் உப்பைத் தீரவிடாதீர்கள். தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப மெஷினில் மென்னீராக்கும் அளவையும் மாற்றி வையுங்கள். சமையல் உப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள், மென்னீராக்கும் பகுதி கெட்டுவிடலாம். இதற்கெல்லாம் மெக்கானிக்குக்கு விசிட்டிங் சார்ஜ் கொடுப்பது வீண் என்பேன்.

ஆனால் தண்ணீர் சூடாகவில்லை, அடியில் கசிகிறது, எம்சிபி (மின்பெட்டியில் கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) டிரிப் ஆகிறது என்றால் கையை வைக்கவே கூடாது. ஹீட்டர், பம்ப், சர்க்யூட் போர்டு எல்லாம் மின்சாரமும் தண்ணீரும் சேருமிடம். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வாரண்டி இருந்தால் கம்பெனி ஆளைத்தான். வெளியாள் திறந்தால் வாரண்டி போய்விடலாம். பழுதான பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், பில்லும் கேளுங்கள்.