1/350 பிஸ்மார்க்கும் மேம்பாட்டுத் தொகுப்பும்: எது வாங்கத் தகும், எப்போது பிரிக்க வேண்டும்

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க்கை 1/350 அளவில் பிளாஸ்டிக் மாதிரியாகக் கட்டப் போகிறீர்கள் என்றால், கூடுதல் நுணுக்கப் பாகங்கள் அடங்கிய மேம்பாட்டுத் தொகுப்பைக் கிட்டோடு சேர்த்தே வாங்குங்கள், இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். பாதிக் கப்பலை ஒட்டி முடித்த பிறகு தொகுப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு அதில் பெரும்பகுதி பயன்படாமல் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. காரணம் எளிது. தொகுப்போடு செய்யும் வேலையில் ஒட்டுவதைவிடச் சீவி எடுப்பதுதான் அதிகம். கிட்டில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்திருக்கும் ஏணி, கதவு, நங்கூரச் சங்கிலி, அலைதடுப்பு எல்லாவற்றையும் செதுக்கிச் சமமாக்கினால்தான் உலோகப் பாகம் உட்காரும். மேல்கட்டுமானத்தை ஒட்டிவிட்டால் அந்த மூலைகளுக்குள் பிளேடு நுழையாது.

இந்த அளவில் கப்பல் 717 மி.மீ. நீளம் வரும். அசல் கப்பல் 251 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். கிட் என்று பார்த்தால் டாமியாவும் ரெவெலும் இருக்கின்றன. சந்தையில் கிடைக்கும் தொகுப்புகளில் பொன்டோஸ் போன்ற நிறுவனங்களுடையவை மரத்தளம், எட்ச் தகடு (நுண்பாகங்களை அரித்து எடுத்த மெல்லிய உலோகத் தகடு), கடைந்த பித்தளைப் பீரங்கிக் குழல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தருகின்றன. எடுவார்டின் எட்ச் தகடுகளையும் மாஸ்டரின் குழல்களையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம், அட்டைப் பெட்டியில் எந்த நிறுவனத்தின் கிட்டுக்கு என்று போட்டிருக்கிறது என்பது. டாமியா கிட்டுக்கு வெட்டிய மரத்தளம் ரெவெல் கிட்டில் உட்காராது, மறுதலையும் அப்படியே. துப்பாக்கி மேடைகளின் இடம், கட்டுத்தூண்களின் துளை எல்லாம் ஒன்றிரண்டு மி.மீ. தள்ளிப்போகும், தளத்தில் அந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். எட்ச் தகட்டில் ரெயிலிங்கும் ஏணியும் மட்டும் எப்படியாவது ஒத்துப்போகும். குழல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்தக் கிட்டிலும் போடலாம்.

இரண்டாவது விஷயம் கப்பலின் தேதி. பிஸ்மார்க் 1940 ஆகஸ்ட் 24 அன்று பணியில் சேர்ந்தது, 1941 மே 27 அன்று மூழ்கியது. ஒன்பது மாதம்தான், அதற்குள் பல மாற்றங்கள் வந்தன. தொகுப்பு ஒழுங்காக ஆராய்ந்து செய்ததா என்று அறிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முன்கோடிப் பீரங்கிக் கோபுரமான ஆன்டனின் பெரிய தொலைவுமானி, அலை நீர் அடித்துப் பயனில்லாமல் போனதால், பின்னர் எடுக்கப்பட்டுவிட்டது. 1941 மே மாதக் கப்பலைக் கட்டுவதானால் அந்தக் கோபுரத்தின் இரு பக்கமும் தொலைவுமானியின் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்தது 10.5 செ.மீ. இரட்டைத் துப்பாக்கிகள் எட்டு. முன்னே உள்ளவையும் பின்னே உள்ளவையும் இரு வேறு வகை மேடைகள். எட்டுக்கும் ஒரே பாகம் தரும் தொகுப்பு அந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, விமான எதிர்ப்புக் கட்டுப்பாட்டு நிலையங்கள். முன்புற இரண்டுக்கும் உருண்டைக் கவசம் இருந்தது, பின்புற இரண்டுக்கும் பொருத்தப்படவில்லை. நான்குக்கும் உருண்டை கொடுத்தால் அது பிஸ்மார்க்கின் இணைக்கப்பலான டிர்பிட்ஸை நினைத்துச் செய்த வேலை.

இனி பாகம் பாகமாகப் பார்ப்போம்.

கடைந்த பித்தளைக் குழல்கள்தான் முழுத் தொகுப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தகுந்தவை. பிளாஸ்டிக் குழலின் இரு பக்கமும் அச்சு சேரும் கோடு ஓடும். அதைச் சுரண்டினால் உருண்டை தட்டையாகிவிடும், சுரண்டாவிட்டால் பெயின்ட் அடித்ததும் கோடு எழும்பி நிற்கும். 38 செ.மீ. பீரங்கியின் துளை இந்த அளவில் 1.1 மி.மீ. அதைப் பிளாஸ்டிக்கில் நாமே துளைக்கலாம். 15 செ.மீ. பீரங்கிக்கு 0.43 மி.மீ., 10.5 செ.மீ.க்கு 0.3 மி.மீ. அங்கே கை நிற்காது. அதைவிடப் பெரிய காரணம், மெல்லிய பிளாஸ்டிக் குழல்கள் பெயின்ட் அடிக்கப் பிடிக்கும்போதே முறிந்துவிடும், பித்தளை முறியாது. கணக்கு: 38 செ.மீ. 8, 15 செ.மீ. 12, 10.5 செ.மீ. 16.

பொருத்தும்போது தவறுவது துளையின் மையத்தில்தான். பிளாஸ்டிக் குழலைக் கோபுர வாயின் துணியுறையை ஒட்டி வெட்டிய பின், வெட்டுமுகத்தை 600 எண் உப்புத்தாளில் சமமாக்குங்கள். மையத்தில் ஊசியால் ஒரு குழி போட்டு, பின் வைஸில் (கையால் சுழற்றும் சிறு துளைப்பான்) 0.5 மி.மீ. பிட்டைக் கொண்டு தொடங்கி 0.2 மி.மீ. வீதம் பெரிதாக்குங்கள். நேராகப் பெரிய பிட்டில் இறங்கினால் அது வழுக்கி ஓரத்துக்குப் போகும், ஒரே கோபுரத்தில் இரண்டு குழலும் இரண்டு திசை பார்க்கும். ஒட்டுவதற்குச் சூப்பர் க்ளூ வேண்டாம், ஐந்து நிமிடத்தில் இறுகும் இருகலவை எபாக்ஸிதான் சரி. அந்த ஐந்து நிமிடத்தில், ஒரு தடித்த அட்டையில் வேண்டிய கோணத்துக்கு ஆப்பு வெட்டி வைத்து, குழலை அதன்மேல் சாய்த்து நிறுத்தலாம். நான்கு கோபுரத்துக்கும் அதே ஆப்பைப் பயன்படுத்தினால் எட்டுக் குழலும் ஒரே கோணத்தில் நிற்கும்.

மரத்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஆசைப்படுவதும் அதிகம் பேர் கெடுப்பதும் இதைத்தான். பின்னால் பசை தடவிய மெல்லிய மரத்தாள் அது, பலகைக் கோடுகளை லேசர் எரித்து வரைந்திருக்கும். தடிமன் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அசல் அளவில் 7 செ.மீ. ஆகிறது, ஒரு போர்க்கப்பலின் தேக்குத் தளத்துக்கு அது மிகையில்லை. ஆனால் தாளின் அடியில் இருக்கும் எந்தக் குறையையும் அது மறைக்காது. கிட்டின் தளம் இரண்டு மூன்று துண்டாக வந்தால் அந்தச் சேர்க்கையைப் புட்டி வைத்துத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் படி மேலே தெரியும்.

தாளின் அடி உறையைக் கழற்றும் முன் முழுத் தளத்தையும் வெறுமனே வைத்துப் பாருங்கள். எல்லாத் துளையிலும் கட்டுத்தூண் தானாக எழும்பி வர வேண்டும். ஒன்றிரண்டு இறுக்கமாக இருந்தால் மரத்தை அழுத்தாதீர்கள், பிளாஸ்டிக்கைச் சீவுங்கள். மேல்கட்டுமானம் உட்காரும் இடத்தில் தாள் முழுதாக இருந்தால் கவனம் தேவை. அப்படியே ஒட்டினால் கட்டுமானம் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, தாளின் பசையில்தான் நிற்கும், கப்பலைத் தூக்கும்போது பெயர்ந்து வரும். கட்டுமானத்தின் அடிச்சுவடுக்குள் விரல்நக அளவில் இரண்டு மூன்று சன்னல் வெட்டிவிடுங்கள், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் அங்கே சேரும்.

மரத்தாளில் சூப்பர் க்ளூ ஒரு துளி பட்டால் கதை முடிந்தது. எண்ணெய்க் கறை மாதிரி கருத்து ஊறிவிடும், தேய்த்தாலும் போகாது, பெயின்டும் மறைக்காது. தளத்தின்மேல் ஒட்ட வேண்டிய சிறு பாகங்களுக்கு வெள்ளைப் பசைதான். ஓரம் தூக்கினாலும் அதே வெள்ளைப் பசையை ஊசி முனையில் தொட்டு வைத்து அழுத்துங்கள். தளத்தின்மேல் வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) அடிக்கக் கூடாது. தண்ணீர் கலந்தது மரத்தை உப்பவைக்கும், எனாமல் தின்னர் பசையை இளக்கும். தாளின் நிறம் பெரும்பாலும் மஞ்சள் தூக்கலாக வரும், கடல் காற்றில் நரைத்த தேக்கு அப்படி இருக்காது. சாம்பல், பழுப்புக் கலர் பென்சில்களால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலகைகளைத் தேய்த்துவிட்டு, பாஸ்டல் பொடியைத் தூரிகையில் தட்டினால் போதும். மாஸ்கிங் டேப்பை மரத்தின்மேல் ஒட்டிப் பிரித்தால் நாரோடு வரும், ஆகவே கப்பலின் உடலுக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகே தளம் ஒட்டப்பட வேண்டும்.

அந்த வரிசை பிஸ்மார்க்குக்கு இன்னும் முக்கியம், பால்டிக் கோடுகளால். உடலிலும் மேல்கட்டுமானத்திலும் சாய்வாக ஓடும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அவை. 1941 மே 21 அன்று நார்வேயின் கிரிம்ஸ்டாட் ஃபியோர்டில் நங்கூரமிட்டிருந்தபோது அவற்றின்மேல் சாம்பல் பூசி மூடினார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஹூடைச் சுட்டபோது இருந்த கப்பலைக் கட்டுகிறீர்களா, கோடு போட்ட கப்பலையா என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். கோடு வேண்டுமென்றால் மேல்கட்டுமானத்தை ஒட்டாமல் உடலின்மேல் வைத்து, பட்டை உடலிலிருந்து மேலே தொடருமாறு பென்சிலால் குறிக்க வேண்டும். முதலில் வெள்ளை, அதன்மேல் டேப், பிறகு கறுப்பு, மீண்டும் டேப், கடைசியில் சாம்பல். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும் என்ற பொதுவிதியைப் பிடித்துக்கொண்டு கறுப்பைக் கடைசிக்கு வைத்தால் சாம்பல் பரப்பு முழுவதையும் மூட வேண்டிவரும், டேப் இரண்டு மடங்கு ஆகும். மேல்கட்டுமானத்துக்கு ஹெல்கிராவ் 50 (வெளிர் சாம்பல்), உடலுக்கு டுங்கெல்கிராவ் 51 (அடர் சாம்பல்) என்பவை அசல் நிறங்கள். எட்ச் ஏணிகளையும் கதவுகளையும் இதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும், ரெயிலிங்கை இதற்குப் பிறகுதான்.

எட்ச் தகட்டில் நல்லது எது என்று ஏணியைப் பார்த்தே சொல்லலாம். படிகள் தனித்தனியாக மடங்கி நிற்கும்படி இருந்தால் செய்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார். தட்டையான ஏணி என்றால் மற்ற மடிப்புகளும் சுமார்தான். மடிப்புக்கோடு பாதி ஆழம் அரிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்தக் கோடு உள்பக்கம் வருமாறு மடிக்க வேண்டும். தகட்டிலிருந்து வெட்டும்போது அடியில் கண்ணாடியோ டைலோ இருக்கட்டும். ரப்பர் பாயில் வெட்டினால் பாகம் வளையும்.

3.7 செ.மீ. இரட்டைத் துப்பாக்கிகள் எட்டுக்கும் தகட்டில் வரும் பாகங்களை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பல துண்டுகளை மடித்து அடுக்கிய பிறகும், தகடு தகடாகத்தான் தெரியும், துப்பாக்கிக்கு உருண்டை வேண்டும். ரெசினில் முப்பரிமாண அச்சில் வரும் துப்பாக்கிகள் இப்போது கிடைக்கின்றன. உழைப்பும் குறைவு, உருவமும் சரி.

ரெயிலிங்கில் இரண்டு வகை உண்டு. அடியில் ஒரு கம்பி ஓடுவது ஒட்ட எளிது, ஆனால் தளத்தின் ஓரத்தில் ஒரு வரப்பு மாதிரி நிற்கும். ஒவ்வொரு தூணும் தனியே நிற்பது அழகு, கை நடுங்கினால் வளைந்துவிடும். மரத்தளம் போடுகிறவர்கள் முதல் வகையை எடுப்பது நல்லது, வரப்பு மரத்தின் ஓரத்தில் மறைந்துவிடும். முதல் தளத்தைச் சுற்றவே கிட்டத்தட்ட 1.45 மீட்டர் வேண்டும். கோபுர முகடுகள், மேல்தளங்கள், வளைந்து வீணாகும் துண்டுகள் எல்லாம் சேர்த்துத் தொகுப்பில் உள்ள நீளத்தை அளந்து பாருங்கள், குறைந்தால் இன்னொரு தகடு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வெவ்வேறு நிறுவனத்தின் ரெயிலிங்கில் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி மாறும், பாதியில் மாற்றினால் தெரியும்.

ரெயிலிங்கைத் தகட்டில் இருக்கும்போதே ப்ரைமரும் சாம்பலும் அடித்துவிடுங்கள். கப்பலின் முன்புற வளைவுக்கு, வெட்டிய துண்டை விரல் நுனியில் வைத்து ஒரு பெயின்ட் தூரிகையின் காம்பை மெதுவாக உருட்டினால் தேவையான வளைவு வரும். ஒட்டும்போது 5 செ.மீ.க்கு மேல் ஒரே துண்டாக வேண்டாம். நடுவில் ஒரு புள்ளி, பிறகு இரு முனை என்று வெள்ளைப் பசையால் நிறுத்தி, நேராக இருக்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்த பிறகே மற்ற தூண்களுக்குப் பசை தொட்டு வையுங்கள்.