செவிலில் ஒரு தாப்பாஸ் கடையில் 164 யூரோ பறிகொடுத்தோம்: ஸ்பெயின் போகிறவர்கள் கவனியுங்கள்

முந்தாநாள் இரவு செவில் நகரில் இரண்டு பேர் உண்ட தாப்பாஸுக்கு, அதாவது சின்னத் தட்டுகளில் வரும் சிற்றுண்டிக்கு, 164 யூரோ கொடுத்தோம். நம் பணத்தில் 16,000 ரூபாய்க்கு மேல். மாத்ரித் போகும் ரயிலில் இருந்து எழுதுகிறேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கதீட்ரலுக்கு அருகே, சாந்தா குரூஸ் சந்துகளில் இருக்கும் பழைய பாணிக் கடை. சுவரெல்லாம் வண்ண ஓடுகள், கூரையிலிருந்து தொங்கும் பன்றித் தொடைகள், கொழுப்பு சொட்டாமல் இருக்க ஒவ்வொன்றின் கீழும் ஒரு குட்டிக் கிண்ணம். பார்த்ததும் பிடித்துப்போனது.

நாங்கள் ஏமாந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன் மூன்று நாட்கள் கிரனாடா நகரில் இருந்தோம். அங்கே ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டுத் தின்பண்டம் காசில்லாமல் வருகிறது. செவிலில் முதல் இரவு ஆற்றைக் கடந்து திரியானாவில் உண்டோம். கொண்டைக்கடலை போட்ட கீரை, சால்மொரேஹோ என்ற குளிர்ந்த கெட்டித் தக்காளி சூப். எங்கள் கணக்கைக் கடைக்காரர் மரமேசையின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதி, எங்கள் கண்முன்னே கூட்டி, காசை வாங்கிக்கொண்டு அழித்தார். ஒரு தட்டு மூன்று, நான்கு யூரோதான். அந்த நேர்மையைப் பார்த்த கண்ணோடுதான் மறுநாள் இந்தக் கடைக்குள் போனோம்.

வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். "இந்தியாவா?" என்று கைகூப்பினார். விலைப்பட்டியலை எடுத்த என் மனைவியின் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி மூடினார். "இது சுற்றுலாக்காரர்களுக்கு. என் வீட்டில் என்ன உண்போமோ அதைக் கொண்டு வருகிறேன். எல்லாம் சின்னச் சின்னத் தட்டு" என்று விரல்களால் அளவு காட்டினார். "விலையைக் கேட்டுவிடலாமே" என்று மனைவி சொன்னார். "வயதில் மூத்தவர், தவறாக நினைப்பார்" என்று நான்தான் தடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தின் விலை 164 யூரோ.

பில்லில் ஒரே வரி: 'பலவகை, 164'. பிரித்துக் காட்டச் சொன்னதும் தாளில் கிறுக்கினார். கரபினேரோ என்ற பெரிய சிவப்பு இறால் ஆறு, 96. ஹமோன் என்ற பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி 38. பாலாடைக்கட்டி 12. திராட்சைச் சாறும் தண்ணீரும் 9. நாங்கள் கேட்காமலே வந்த ஆலிவுக்கும் ரொட்டிக்கும் 9. சின்னத் தட்டு என்றாரே, வந்த ஹமோன் தாப்பா அல்ல, 'ராசியோன்' என்ற முழுத்தட்டு. இறாலுக்குப் பட்டியலில் விலையே இல்லை, அன்றைய சந்தை விலையாம். அட்டைக் கருவியில் ரூபாயா யூரோவா என்ற கேள்வி வந்தபோது அவரே ரூபாயை அழுத்திவிட்டார். அந்தக் கருவி போட்ட மாற்று விகிதத்தில் இன்னும் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போனது.

புகார்ப் படிவம் கேட்டேன். ஸ்பெயினில் எல்லா உணவகமும் அதை வைத்திருக்க வேண்டும். "தீர்ந்துவிட்டது, நாளை மதியம் முதலாளி வருவார்" என்றார். நேற்று மதியம் போனோம். முதலாளி ஊரில் இல்லையாம். கைகூப்பிய அதே மனிதர், கோப்பையைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்த்த நினைவே இல்லை என்றார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். வங்கியை அழைத்தால், "ரகசிய எண்ணை நீங்கள்தானே பதிவு செய்தீர்கள்" என்கிறார்கள். படிவம் தர மறுத்தால் அங்கேயே நகரக் காவலரை அழைக்கலாம் என்று விடுதி வரவேற்பாளர் சொன்னபோது இரவு ஆகிவிட்டது. காலையில் ரயில்.

விரிவாக யோசனைகள் எழுத நினைத்தேன், நேரம் இல்லை. பட்டியலை யார் வாங்கினாலும் கொடுக்காதீர்கள். தாப்பாவா, பாதித் தட்டா, முழுத்தட்டா என்று கேளுங்கள். விலை எழுதாத மீனையும் இறாலையும் தொடாதீர்கள். கேட்காமல் வரும் ரொட்டியைத் திருப்பி அனுப்புங்கள். 'ஓஹாஸ் தே ரெக்லமாசியோனெஸ்', படிவத்தின் பெயர் இதுதான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கருவியில் யூரோவை நீங்களே அழுத்துங்கள்.

மாத்ரித் நெருங்குகிறது. வங்கிக்கு எழுதிய புகாருக்குப் பதில் வந்தால் இங்கேயே சொல்கிறேன்.