காலடிப்பேட்டையிலிருந்து இன்டர்நேஷனல் பள்ளிக்கு: நான்காம் வருட அனுபவம்

வடசென்னையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நண்பர்கள் பலர், "இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். என் மகள் எட்டாவது வரை திருவொற்றியூர்ப் பக்கம் சிபிஎஸ்இ படித்தாள். ஒன்பதாவதில் தெற்கே ஒரு பள்ளிக்கு மாற்றினோம். அங்கே பத்தாவது வரை கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற பிரிட்டிஷ் பாடத்திட்டம், பிறகு பதினொன்று, பன்னிரண்டுக்கு ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளமா. இப்போது கடைசி வருடத்தில் இருக்கிறாள். குறைகளும் எழுதப் போகிறேன், அதனால் பள்ளியின் பெயர் வேண்டாம்.

முதல் விஷயம், பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். சிபிஎஸ்இ நடத்தும் பள்ளியும் 'இன்டர்நேஷனல்' என்று போட்டுக்கொள்கிறது. எந்த போர்டு என்று நேராகக் கேளுங்கள். ஐபி, கேம்பிரிட்ஜ் இரண்டின் இணையதளத்திலும் பள்ளிகளைத் தேடிப் பார்க்கலாம். ஐபியில் 'கேண்டிடேட் ஸ்கூல்' என்றிருந்தால் அங்கீகாரம் இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

அட்மிஷனுக்கு முன் பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது ரோபோட்டிக்ஸ் லேப், திரீ-டி பிரிண்டர் எல்லாம் பெருமையாகக் காட்டுவார்கள். எங்கள் பள்ளியின் பிரிண்டர் பெரும்பாலும் உறை போட்டபடிதான் இருக்கிறது. புதுமை என்று நான் ஒப்புக்கொள்வது வேறொன்றை. ஐஜிசிஎஸ்இயில் குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. எழுத்துத் தேர்வு போக, மாணவர் தனியாக ஓர் அறிக்கை எழுத வேண்டும், குழுவாக ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது நினைவிருக்கும். மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளினார்கள், கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிக்கொண்டு நின்றன. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். அடையாறு, சோழிங்கநல்லூர்ப் பிள்ளைகள் அவளோடு சேர்ந்தார்கள். அவர்களில் யாரும் அதற்குமுன் எண்ணூரைப் பார்த்ததில்லை.

எண்ணூரில் காட்டுக்குப்பம் என்ற மீனவர் ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வந்ததோடு வேலை முடியவில்லை. ஆலையின் தரப்பு என்ன, அரசின் தரப்பு என்ன, வேறு நாடுகளில் இப்படி நடந்தபோது என்ன செய்தார்கள் என்று ஆசிரியை ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கிருந்து எடுத்த தகவல், அதை ஏன் நம்புகிறாய் என்றும் கேட்டார். பழைய பள்ளியில் இதே விஷயம் வந்திருந்தால் சார்ட் பேப்பரில் படம் ஒட்டி, 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று எழுதி முடித்திருப்பார்கள். கட்டின ஃபீஸுக்கு மனசு ஆறிய இடம் இதுதான்.

அப்புறம் தூரம். இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை தெற்கே ஓஎம்ஆர், ஈசிஆர் சாலைகளின் பக்கம்தான். எங்கள் பள்ளி வேன் நம் பக்கம் வராது. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டிருக்காவிட்டால் இந்த யோசனையே வந்திருக்காது. காலடிப்பேட்டையில் ஏறி ஆலந்தூரில் இறங்கி அங்கிருந்து வேன். பாதிப் படிப்பு ரயிலில்தான் நடக்கிறது. இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவில் தோழி யாரும் மிஞ்சவில்லை. பிறந்தநாள் என்றால் எல்லோரும் தெற்கே கூடுவார்கள். இதை எந்தப் பள்ளியும் ப்ரோஷரில் போடாது.

ஐபி டிப்ளமாவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிகள் இதை அவசரமாகத் தாண்டிப் போகின்றன. ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். 4,000 சொல் கட்டுரையும் டிஓகேயும் ('தியரி ஆஃப் நாலெட்ஜ்', நமக்குத் தெரிந்ததை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று யோசிக்க வைக்கும் பாடம்) சேர்ந்து 3. மொத்தம் 45. (மகளுக்குப் பள்ளி 38 வரும் என்று கணித்திருக்கிறது. "38தானா!" என்று அத்தை பதறிப்போனார். 600க்கு எவ்வளவு என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.) இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இந்த டிப்ளமாவைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறது. அதனால் இங்கே செல்லாது என்ற பயம் தேவையில்லை. சிக்கல் பாடத் தேர்வில் இருக்கிறது. இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், கணிதம் கட்டாயம். ஆறாவது கலைப் பாடம், அதை மட்டும் இன்னொரு அறிவியலாக மாற்றலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டுமென்றால் வழக்கமான முறையில் இடமில்லை, சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். நீட் எழுதப் போகும் பிள்ளைக்கு அந்த மூன்றும் தேவை. இதைப் பதினொன்றாவதில் கேட்டுப் பயனில்லை, ஒன்பதாவதிலேயே கேளுங்கள். இன்ஜினியரிங் என்றால் சமாளிக்கலாம், கணிதத்தில் 'அனாலிசிஸ்' பிரிவை எடுக்க வேண்டும். ஆனால் மே மாதத் தேர்வுக்கு முடிவு ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். அதற்குள் இங்கே கலந்தாய்வு வேலை தொடங்கிவிடும். என் மகள் பொருளாதாரம் படிக்க வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்களுக்குத்தான் விண்ணப்பிக்கிறாள், அதனால் எங்களுக்கு இது தலைவலி ஆகவில்லை.

பணம்: ஆண்டுக் கட்டணத்தோடு நிற்காது. ஐபி தேர்வுக் கட்டணம் தனி, லேப்டாப் தனி. ஹையர் லெவல் (ஐபியில் கூடுதல் ஆழமாகப் படிக்கும் நிலை) கணிதத்துக்கு ஆசிரியர் நடுவில் வேலையை விட்டுப் போனதும் ஆன்லைன் டியூஷன் தனி. தண்டையார்பேட்டை முழுக்கத் தேடினேன், இந்தப் பாடத்திட்டம் தெரிந்த டியூஷன் மாஸ்டர் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவருக்குப் பாடத்திட்டம் பிடிபடவே ஒரு டேர்ம் ஆனது. அதைப் பற்றிப் பேசப் போனால் நிர்வாகம் புன்னகையோடு காபி கொடுத்து அனுப்பியது. பார்க்கப் போகும்போது பதினொன்று, பன்னிரண்டுக்கு எடுக்கும் ஆசிரியர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு அது நீச்சல் குளத்தைவிட முக்கியமாக இருந்தது.

தமிழ் வகுப்பு வாரத்தில் சில மணி நேரம் நடக்கிறது, தேர்வுக்கு அவள் எடுத்தது பிரெஞ்சு. வீட்டில் பாட்டியோடு பேசுவதால் பேச்சுத் தமிழ் தப்பியது.

தம்பியையும் அங்கேயே சேர்ப்பீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை. அவன் இப்போது ஏழாவது, டாக்டராக வேண்டும் என்கிறான். சாயங்காலம் கிரிக்கெட் இல்லாமல் இருக்கவும் மாட்டான். அக்கா படித்த அதே சிபிஎஸ்இ பள்ளியில், சைக்கிளில் போய்வரும் தூரத்தில், இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.