ஊர் தெருவுக்கு எது சரி: சிமெண்ட் ரோடா, பேவர் பிளாக்கா, தார் ரோடா?

கிராம சபைல ரோடு கேட்டு மனு குடுக்குறவங்க பெரும்பாலும் "சிமெண்ட் ரோடு போட்டுக் குடுங்க"ன்னுதான் எழுதுறாங்க, சிமெண்ட்டுன்னா காலத்துக்கும் நிக்கும்னு ஒரு நம்பிக்கை. என்னைக் கேட்டா பத்தடி அகல உள்தெருவுக்கு பேவர் பிளாக்தான், அதாவது ஃபேக்டரில அச்சுல வார்த்த கான்கிரீட் கல்லை மணல் மேல அடுக்குறதுதான், முதல் சாய்ஸ், ஏன்னு சொல்றேன்.

தார் ரோடைப் பத்தி முதல்ல சுருக்கமா பேசி முடிச்சிடலாம். தாருக்கு தண்ணிதான் எதிரி. குழாயடி தண்ணியும் வாசல் தெளிக்கிற தண்ணியும் தினம் நின்னுச்சுன்னா ஜல்லில இருந்து தார் விட்டுப்போயிடும், அப்புறம் குழிதான். கலவை சூடா இருக்கும்போதே ரோலர் ஓடியாகணும், சந்துக்குள்ள ரோலர் திரும்பவே எடம் கிடையாது. ஊரையும் மெயின் ரோட்டையும் சேர்க்குற இணைப்பு சாலைக்கு, ரெண்டு பக்கமும் தண்ணி வடியுற எடத்துக்கு தார் தாராளமா போடலாம், செலவும் கம்மி.

சிமெண்ட் ரோடு நல்ல ரோடுதான், ஒழுங்கா போட்டா. 3 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம், 15 செ.மீ. கனம்னா 45 கன மீட்டர் கான்கிரீட். கனத்துல 3 செ.மீ. குறைச்சுப் போட்டாலே 9 கன மீட்டர் காணாமப் போயிடும், மேல இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது, அதனால கான்கிரீட் கொட்டுறதுக்கு முன்னாடியே சைடு ஷட்டர் (ஓரத்துல கான்கிரீட்டைத் தடுக்க நிறுத்துற பலகை) உயரத்தை டேப் வச்சு அளந்து பாருங்க. ரெண்டரையில இருந்து நாலு மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் வெட்டணும், வெட்டலைன்னா கான்கிரீட்டே தனக்கு இஷ்டப்பட்ட எடத்துல விரிசல் விட்டுக்கும். அப்புறம் க்யூரிங், ரெண்டு வாரமாவது ஈரச்சாக்கு காயாம இருக்கணும், ஆனா மூணாவது நாளே பைக் ஓட்டணும்னு நம்ம ஜனங்களே சண்டைக்கு வருவாங்க.

சிமெண்ட் ரோட்டோட பெரிய பிரச்சனை பூமிக்கு அடில இருக்கு. 2019ல ஜல் ஜீவன் திட்டம் வந்ததுல இருந்து வீட்டுக்கு வீடு குழாய் குடுக்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா ரோடு போட்டப்புறம் குழாய் வந்தா பிரேக்கர் மெஷின் வச்சு குறுக்க ஒடைச்சுதான் ஆகணும், அந்த ஒட்டு எவ்வளவு நல்லா போட்டாலும் பழசோட சேராது, முதல்ல அங்கதான் பேந்துக்கிட்டு வரும்.

பேவர் பிளாக் இங்கதான் ஜெயிக்குது. கல்லைக் கழட்டி, குழாயைப் பதிச்சு, மண்ணை நல்லா இடிச்சு, மணல் பரப்பி அதே கல்லைத் திரும்ப அடுக்கிடலாம், ஊர்க் கொத்தனாரே செய்வார். க்யூரிங் ஃபேக்டரிலயே முடிஞ்சு வர்றதால தெருவை நாள்கணக்கா அடைச்சு வைக்கவும் வேண்டாம். ஆனா பேவர் பிளாக்கோட உயிர் ஓரத்துல இருக்கு. ரெண்டு பக்கமும் கான்கிரீட் கட்டை இல்லாம போட்டாங்கன்னா ஓரக்கல் நகரும், அதுக்கப்புறம் நடுக்கல் ஆடும், ஒரே மழைல மணல் அரிச்சு தெரு அலை அலையா ஆயிடும். பைக், ஆட்டோ போற தெருவுக்கு 60 மி.மீ. கல் போதும், டிராக்டர் வருதுன்னா 80 கேளுங்க. நெல்லு லோடு ஏத்தி இறக்குற தெரு, மழைத்தண்ணி வேகமா ஓடுற சரிவு, இந்த ரெண்டு எடத்துல மட்டும் நான் சிமெண்ட் ரோடு பக்கம்.

எதைப் போட்டாலும் லெவல் பாக்காம போடாதீங்க, இதை கெஞ்சியே கேக்குறேன். பழைய ரோட்டைத் தோண்டாம அது மேலயே 15 செ.மீ. ஏத்துனா ஒரு வாசப்படி காலி, அடுத்த தடவை போடும்போது மழைத்தண்ணி நேரா நடுவீட்டுக்குத்தான், அதுலயும் அடிபடுறது தாழ்வா கட்டுன பழைய ஓட்டு வீட்டுக்காரங்கதான். எஸ்டிமேட் போடுறப்பவே தெரு முழுக்க லெவல் எடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நாம சும்மா நிக்கணும்னு இல்ல, தண்ணி நிரப்புன டியூப் லெவல் எல்லா கொத்தனார்கிட்டயும் இருக்கு, ஒவ்வொரு வீட்டு வாசப்படி மட்டத்தையும் அதை வச்சு எதிர் செவுத்துல கோடு போட்டு வைங்க. ரோடு அதுக்குக் கீழதான் முடியணும், நடுவுல இருந்து ஓரத்துக்கு 3 செ.மீ. சரிவு வேணும், அந்தத் தண்ணி போய்ச் சேர வாய்க்கால் வேணும். இந்த மூணையும் மனுவுலயே எழுதிக் குடுத்து கிராம சபை தீர்மானத்துல ஏத்திடுங்க, வேலை ஆரம்பிக்கிற அன்னைக்கு ஓவர்சியர்கிட்ட அந்த கோட்டைக் காட்டிப் பேசலாம்.