பிரிட்டிஷ் கார், அமெரிக்க கார்: பாகங்கள் வந்த வழி

1908இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் மூன்று அமெரிக்க கேடிலாக் கார்களை முழுவதுமாகக் கழற்றி, பாகங்களைக் கலந்து, மீண்டும் பூட்டியபோது, மூன்றும் 500 மைல் சோதனை ஓட்டத்தை முடித்தன. ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவிப் பொருத்துவதையே கைத்திறன் என்று போற்றிய பிரிட்டிஷ் பட்டறைகளுக்கு அது பெரும் பாடம்.

பாகங்கள் துல்லியமாக ஒத்திருந்ததால்தான், 1913இல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் ஃபோர்டு நிறுவிய நகரும் தொடர்வரிசை (வேலையாட்களை நோக்கி வண்டியே நகர்ந்து வரும் பூட்டும் முறை), ஒரு மாடல் டி அடிச்சட்டத்தைப் பூட்டும் நேரத்தைப் பன்னிரண்டரை மணியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணியாகக் குறைத்தது. பின்னர் ரூஜ் ஆலையில் எஃகையும் கண்ணாடியையும்கூட ஃபோர்டு தானே செய்துகொண்டது.

பிரிட்டிஷ் கார் தயாரிப்பாளர் வில்லியம் மோரிஸ் வேறு வழியில் சென்றார். அவரது 1913ஆம் ஆண்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் இயந்திரம் கவென்ட்ரியின் ஒயிட் அண்ட் பாப்பே நிறுவனத்திலிருந்து வந்தது. பிற முக்கிய பாகங்களும் வெளியிலிருந்தே வாங்கப்பட்டன. குறைந்த மூலதனத்தில் தொழில் தொடங்க அது சிறந்த வழி என்பதே என் கருத்து. ஆயினும் கார்களின் மின்பாகங்களைச் செய்த பர்மிங்காமின் லூகாஸ் போன்ற ஒரே நிறுவனத்தைப் பல கார் ஆலைகள் நம்பியிருந்தபோது, அங்கு வேலை நின்றால் பல ஆலைகள் ஒருங்கே முடங்கும் நிலை இருந்தது.

பழுதுபார்ப்பவருக்கோ, ஒரே லூகாஸ் பாகம் பல கார்களுக்குப் பொருந்தியது வசதியே. மரையாணிதான் தொல்லை: பிரிட்டனின் திருகுமரை அளவுமுறையான விட்வொர்த் மரையில் அமெரிக்க நட்டு சரியாகப் பூட்டாது. ஒருங்கிணைந்த மரைத் தரத்துக்கு இரு நாடுகளும் கனடாவுடன் உடன்பட்டது, இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே.